புதுப்பிப்பு: 3060 போட்டும் திணறிய கேம், இப்போது சீராக ஓடுகிறது

ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு மாற்றிய பிறகும் கேம் திணறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ரைசன் 5 3600 பிராசசர், 16 ஜிபி ராம் உள்ள கணினி. பிரச்சினை தீர்ந்துவிட்டது.

கார்டில் குறையே இல்லை. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஜிபியு (கார்டின் சிப்) பாதி வேலைதான் செய்தது. பிராசசர் தரவு அனுப்பும்வரை அது சும்மா காத்திருந்தது. காரணம் ராம். ஒரே ஸ்டிக், அதனால் சிங்கிள் சேனல், அதாவது பிராசசருக்கும் ராமுக்கும் நடுவே தரவு போக ஒரே பாதை. ஸ்டிக்கின் மேல் வேகம் 3200 என்று போட்டிருந்தாலும் ஓடியது 2133-இல். பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்கை, ஆன் செய்யும்வரை இந்த வகை ராம் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். அதே மாடலில் இன்னொரு ஸ்டிக்கைப் புதுச்சேரியில் வாங்கி, பிராசசர் பக்கமிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டு எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) கூடியது நல்லதுதான். ஆனால் நடுநடுவே வந்த அந்த உதறல் நின்றதுதான் பெரிய நிம்மதி.

பவர் சப்ளை பற்றிக் கேட்டவர்களுக்கு: கார்டு 170 வாட் எடுக்கும், அதன் நிறுவனமான என்விடியா சொல்வது 550 வாட் பவர் சப்ளை. தரமானதாக இருந்தால் அது போதும்.

144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை திரை புதுப்பிக்கும்) மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸையும் பாருங்கள், சில நேரம் 60-லேயே நிற்கும்.

அப்புறம், கடலூரில் தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரம் இருப்பவர்கள் கேபினட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக்காற்று உலோக முனைகளை அரித்துவிடும். முதல் நாளே “ராமைப் பாருங்க தம்பி” என்ற அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.