ஓட்டச் செயலியில் வரும் 'பேஸ்': தமிழில் என்ன போடலாம்?

வணக்கம் நண்பர்களே,

வெளியே ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் வைத்துக்கொள்ளும் ஓர் இலவசக் கைப்பேசிச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஜிபிஎஸ்ஸை வைத்துப் போன தடத்தைப் பதிந்து தூரம், நேரம், ஏற்றம் எல்லாம் காட்டுமே, அந்த வகை. ஞாயிறு இரவுக்குள் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, பேஸ் என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன்.

ஸ்பீடுக்கு வேகம், அதில் சிக்கலில்லை. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது அது. பேஸ் அப்படியே தலைகீழ், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம். மணிக்கு 10 கி.மீ. ஓடுகிறவரின் பேஸ் 6:00, மணிக்கு 12 கி.மீ. என்றால் 5:00. எண் இறங்க இறங்க ஆள் விரைகிறார் என்று பொருள். பழைய தமிழாக்கத்தில் இரண்டுக்குமே 'வேகம்' என்று போட்டுவிட்டார்கள். சோதித்துப் பார்க்கக் கொடுத்த ஒருவர், "போன வாரம் 7:10 இருந்தது, இந்த வாரம் 6:40, வேகம் இறங்கிக்கொண்டே போகிறதே" என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். நன்றாக ஓடியவரை நம் சொல் சோர்ந்துபோக வைத்திருக்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

'நடை' சரியாக வருமா? சங்கீதத்தில் திசிர நடை, சதுசிர நடை என்கிறோமே.

---

> 'நடை' சரியாக வருமா?

வேண்டாம் ஐயா. அதே செயலியில் நடைப்பயிற்சி என்று ஒரு பிரிவு இருக்கும், அப்புறம் 'ஓட்டத்தின் நடை' என்று வந்தால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? நடைக்கு ஏற்கெனவே சுமை அதிகம். உரைநடை, கோயில் நடை சாத்துவது, 'ரெண்டு நடை போய்வந்தேன்' என்பதில் வரும் நடை, எல்லாம் ஒரே சொல்தான்.

என் கருத்து, முதலில் வேகத்தையே எடுத்துவிட வேண்டும். அது வடசொல். தொல்காப்பிய உரியியலில் 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று இரண்டு சொல்லைக் கையில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஸ்பீடுக்கு விரைவு, பேஸுக்குத் துனைவு. கதழ்வை மிதிவண்டிக்கு வைத்துக்கொள்ளலாம், 'கதழ்பரி' என்று குதிரைப் பாய்ச்சலுக்குச் சங்கப் பாடல்களில் வந்த சொல், சக்கரத்துக்கும் பொருந்தும். கடுகி வா என்கிறோமே, அந்தக் கடுகுதலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். கடு, கடி, கதழ் மூன்றையும் வரிசையாக வைத்துத் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

---

துனைவு அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். முதல் வரிசையிலிருந்த பெண் 'துணைவு' என்று படித்தாள், பக்கத்திலிருந்தவள் "எழுத்துப்பிழை டீச்சர்" என்றாள். ஓடிக்கொண்டே, வியர்வை கண்ணில் இறங்க, கையிலுள்ள திரையை ஒரு நொடி பார்க்கிறவருக்கு இந்தச் சொல் உதவுமா?

இன்னொன்று, யாராவது 'கதி' என்று கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஸ்பீடு வேகம், வெலாசிட்டி திசைவேகம். இலங்கையில் ஸ்பீடுதான் கதி, வெலாசிட்டி வேகம். முடுக்கம் என்று நாம் சொல்வதை அவர்கள் ஆர்முடுகல் என்பார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும், முடுகு வெண்பாவில் வரும் அதே முடுகு. ஆகவே கதியைப் பேஸுக்குக் கொடுத்தால் அவர்களுக்குப் பழைய குழப்பமே திரும்பி வரும்.

'கிலோமீட்டர் நேரம்' என்று வெளிப்படையாகப் போட்டுவிடுங்களேன்.

---

> 'கிலோமீட்டர் நேரம்'

நேற்று இரவு இதைத்தான் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் அமைப்புகளில் அலகை மைலுக்கு மாற்றிப் பார்த்தால், 'கிலோமீட்டர் நேரம்' என்ற தலைப்புக்குக் கீழே மைலுக்கான நிமிடம் நிற்கிறது. போச்சு.

ஆனால் நேரம் என்ற சொல்லை விடக்கூடாது என்பதில் இப்போது உறுதியாக இருக்கிறேன் அம்மா. திரையில் தெரியும் 6:40 வேறென்ன, நேரம்தானே? தூரத்தை நேரத்தோடு பிணைத்துப் பேசுவது நமக்குப் பழக்கம். நாழிகை வழி என்று தூரத்துக்கே அளவு வைத்திருந்தோம், நாழிகை 24 நிமிடம். இன்றைக்கும் பத்து நிமிட நடை என்றால் எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் விளங்குகிறது. அதை வைத்து 'வழிநேரம்' என்று பார்த்தேன், ஆனால் மொத்தப் பயண நேரம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'ஆளுக்கு ரெண்டு வீதம்' என்கிற அந்த வீதத்தைச் சேர்த்து 'நேரவீதம்' என்றால்? கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் வீதம். மைலானாலும் சொல் அசையாது. 'மேக்ஸ் பேஸ்' என்ற இடத்தில் அதிகபட்சம் என்று எழுதினால் எண்ணோடு மோதும், அங்கே 'சிறந்த நேரவீதம்' என்று விட்டுவிடலாம்.

---

நேரவீதம் வங்கிப் படிவம் மாதிரி இருக்கிறது. வேகம் என்று எழுதிப் பக்கத்தில் நி/கி.மீ. போட்டால் பழகிக்கொள்வார்கள். ஓடுகிறவர்கள் தங்களுக்குள் பேஸ் என்றுதான் சொல்கிறார்கள், அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

---

பேஸ் என்று தங்களுக்குள் சொல்கிறவர்களுக்குத் தமிழ்த் திரையே தேவைப்படாது. வருத்தப்பட்டு எழுதினாரே, அவருக்குத்தான் தேவை. வேகம் என்று வைத்தால் அவர் மறுபடி அதையேதான் கேட்பார், பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டாலும்.

இதுவரை நேரவீதத்துக்கு நான்கு பேர், வேகத்துக்கு இருவர், பேஸுக்கு ஒருவர். துனைவை முன்மொழிந்த ஐயா மாறவில்லை, மாறமாட்டேன் என்று தனிமடலும் போட்டிருக்கிறார். அகராதிப் பக்கத்தில் அதை மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவிட்டேன். செயலியில் நேரவீதம் ஏற்றியாயிற்று.

அடுத்து கேடன்ஸ், நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது. 'அடிவீதம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், அடி என்றால் அளவடியா காலடியா என்று கேட்பீர்கள், தெரியும். சந்தம் என்று ஒருவர் இப்போதே எழுதிவிட்டார். நாளை மதியம் வரை பார்க்கிறேன்.