இன்சுலின் நார்: லேக் ஃபேஸே வரவில்லை, அவசரம்!

புதுசு_பிஎச்டி: இன்சுலினை நாராக்கி, தயோஃப்ளேவின்-டி (நாரில் ஒட்டினால் ஒளிரும் சாயம்) போட்டு ஒளிர்வு பார்க்கிறேன். கொஞ்ச நேரம் தட்டையாக ஓடி (அதுதான் லேக் ஃபேஸ்), அப்புறம்தானே சரசரவென்று ஏற வேண்டும்? எனக்கு முதல் ரீடிங்கிலிருந்தே ஏறுகிறது. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

காரம்_புளி: பிஹெச் என்ன? எத்தனை டிகிரி? மாட்டு இன்சுலினா, மனித இன்சுலினா? கரைசல் ஊற்றிய குழித்தட்டை ஆட்டுகிறீர்களா?

ஹெக்ஸாமர்: துத்தநாகத்தைப் பாருங்கள். அது இருந்தால் இன்சுலின் ஆறு ஆறாகச் சேர்ந்து நிற்கும், லேசில் நாராகாது. துத்தநாகத்தைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ ஏதும் கலந்தீர்களா?

பழைய_பெஞ்சு: கேட்டவர் பிஹெச்சே சொல்லவில்லை, அதற்குள் துத்தநாகமா? துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் பி10 ஹிஸ்டிடின் (இன்சுலினில் உள்ள ஓர் அமினோ அமிலம்) அமிலத்தில் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும், துத்தநாகம் கழன்றுவிடும். இதெல்லாம் எம்எஸ்சி பாடம்.

புதுசு_பிஎச்டி: ஸாரி. பிஹெச் 2, ஹைட்ரோகுளோரிக் அமிலம், 60 டிகிரி, மாடு. ஆட்டவில்லை.

நுரை_தள்ளி: குழியில் காற்றுக்குமிழி இருந்ததா? மூலக்கூறு காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் ஒட்டி, பாதி அவிழ்ந்து, உள்ளே மறைத்து வைத்திருக்கும் நீர்விரும்பாப் பகுதியை வெளியே காட்டும். ஒட்டுவது அங்கேதான் ஆரம்பம்.

அம்மா_மருந்துப்பெட்டி: குறுக்கே வருகிறேன். அம்மாவின் இன்சுலின் பால் மாதிரி இருக்கிறது. இதுதானா அது?

ஹெக்ஸாமர்: உடனே தூக்கிப் போடுங்கள்.

காரம்_புளி: அவசரப்படாதீங்க! என்பிஎச் (மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்) வகை என்றால் கலங்கலாகத்தான் இருக்கும், புரோட்டமினோடு சேர்ந்த படிகம் அது. உள்ளங்கையில் உருட்டினால் சீராகக் கலக்கும். உருட்டியும் கட்டி மிதந்தாலோ, தெளிவாக இருக்க வேண்டிய ரெகுலர் இன்சுலின் கலங்கியிருந்தாலோதான் ஊசி போடக் கூடாது. மருந்துக் கடையில் காட்டிக் கேளுங்கள்.

ஹெக்ஸாமர்: சந்தேகம் என்றால் ஊசி போடாமலிருப்பது நல்லதுதானே?

காரம்_புளி: போடாமலிருந்தால் சர்க்கரை சும்மா இருக்குமா சார்?

பழைய_பெஞ்சு: அதற்குத் தனிப் பதிவு போடுங்கள். தம்பி, ஸ்டாக் (மூலக் கரைசல்) எப்போது கரைத்தது? நார் வளரத் தொடங்கும் முதல் கரு உருவாக ஆகும் நேரம்தான் அந்தத் தட்டைப் பகுதி. ஸ்டாக்கிலேயே துளி நார் கிடந்தால் மற்றவை அதன் நுனியில் வந்து சேரும், காத்திருக்கத் தேவையில்லை. புதிதாகக் கரைத்து 0.22 மைக்ரான் ஃபில்டரில் விடு.

புதுசு_பிஎச்டி: ஸ்டாக் போன மாதத்தது சார். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது.

பழைய_பெஞ்சு: கண்ணுக்குத் தெரிந்தால் தயோஃப்ளேவின் எதற்கு?

புதுசு_பிஎச்டி: புதிதாகக் கரைத்து ஃபில்டர் செய்தேன். தட்டைப் பகுதி வந்துவிட்டது, நன்றி! ஆனால் ஒரே கரைசல் ஊற்றிய மூன்று குழிகளும் மூன்று வெவ்வேறு நேரத்தில் ஏறுகின்றன??

நுரை_தள்ளி: குமிழி இருந்ததா என்று கேட்டேனே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.