உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேரலாமா? மண்டிக் கடன் வேறு இருக்கிறது

கத்தரித்தோட்டம் (ஒட்டன்சத்திரம் பக்கம்):

வணக்கம்ங்க. ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். தக்காளி, கத்தரி, வரப்போரம் கொஞ்சம் முருங்கை. அப்பா காலத்திலிருந்து ஒரே கமிஷன் கடைக்குத்தான் காய் போடுகிறோம். நூற்றுக்குப் பத்து பிடிப்பார். நாற்றுக்கு, உரத்துக்கு என்று அவரிடம் வாங்கிய 40,000 அப்படியே நிற்கிறது.

இப்போது ஊரில் விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆரம்பித்து, பங்குத்தொகை 1,000 கட்டச் சொல்கிறார்கள். காயைத் தரம் பிரித்து ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்கு நேரே கொடுப்பார்களாம், கிலோவுக்கு 3 ரூபாய் கூட வருமாம். கூட்டத்தில் வடையும் டீயும் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் எனக்குச் சந்தேகமே. உள்ளே இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

தக்காளிப்பெட்டி (உடுமலை):

தம்பி, நான் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. முதல் நாள் கணக்கை இன்னும் டைரியில் வைத்திருக்கிறேன், அப்படியே தருகிறேன்.

அன்று 400 கிலோ பறித்தேன். மண்டியில் 14 கிலோ பெட்டி 280-க்குப் போனது, அதாவது கிலோ 20. மொத்தத்தையும் அங்கேயே போட்டிருந்தால் 8,000, கமிஷன் போக 7,200. கம்பெனி கிலோ 23 கொடுத்தது. ஆனால் எடுத்தது 260 கிலோதான். தரம் பார்க்கிற பையன் ஒவ்வொரு பழமாகக் காம்புப் பக்கம் திருப்பிப் பார்க்கிறான். லேசாக வெடிப்பு இருந்தால் ஓரம், உள்ளங்கைக்குள் மறைகிற அளவு என்றால் ஓரம், முழுச் சிவப்பு என்றாலும் ஓரம். கடைக்குப் போய்ச் சேருவதற்குள் கனிந்துவிடுமாம். மீதி 140 கிலோவைக் குட்டியானையில் ஏற்றிச் சந்தைக்குப் போனால் ஏலம் முடிந்திருந்தது. கிலோ 8 ரூபாய்க்குத் தள்ளிவிட்டு வந்தேன். கூட்டிப் பாருங்கள்: 5,980-ம், கமிஷன் போக 1,008-ம் சேர்ந்து 6,988. கிலோவுக்கு 3 ரூபாய் அதிகம் வாங்கி 212 ரூபாய் நஷ்டப்பட்டேன். வண்டி வாடகையைச் சேர்க்கவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. இப்போது தரம் பிரிப்பதை வயலிலேயே செய்துவிடுகிறோம். ரெண்டாந்தரம் முதல் வண்டியில் ஏலத்துக்கு, நல்லது பிறகு கம்பெனிக்குக் காய் சேர்க்கிற மையத்துக்கு. அதே மாதிரி ஒரு நாளில் ரெண்டாந்தரம் கிலோ 14-க்குப் போனால் கமிஷன் போக மொத்தம் 7,744 வரும். பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மின்தராசில் என் கண்முன் எடை போட்டுச் சீட்டு தருகிறார்கள். மண்டியில் கோபுரமாகக் குவித்தாலும் பெட்டிக் கணக்குதான், சாம்பிள் என்று எடுக்கிற நாலு பழத்துக்குக் கணக்கே கிடையாது.

பணம் மட்டும் தொல்லை. ஏழு நாள் என்பார்கள், எனக்கு 20 நாள்கூட ஆகியிருக்கிறது. பறிப்புக்கூலி அன்றைக்கே கொடுக்க வேண்டுமே. அதனால் மண்டிக்காரரை முறைத்துக்கொண்டு போகாதீர்கள். மகள் கல்யாணத்துக்கு ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றாலும் பணம் தருகிறவர் அவர்தான்.

நம் பக்கமும் தப்பு உண்டு, மறைக்க மாட்டேன். 2023 ஜூலையில் தக்காளி சில்லறையில் 100-ஐத் தாண்டியதே, அப்போது உறுப்பினர்களில் பாதிப் பேர் காயை மையத்துக்குக் கொண்டுவராமல் மண்டிக்கு ஓட்டினோம். நானும்தான். விலை இறங்கியதும் திரும்பிப் போனால், கம்பெனி எங்கள் ஊர் ஆர்டரைப் பாதியாக்கிவிட்டது.

வரவுசெலவு:

ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். 1,000 கட்டுமுன் பங்குச் சான்றிதழ் எப்போது தருவார்கள் என்று கேளுங்கள். 2020-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் பதிவானதா என்றும் கேளுங்கள். அதில் சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும், நீங்கள் கட்டும் பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 வரை அரசு மானியம் உண்டு. நிர்வாகச் செலவுக்கு உதவி மூன்று வருடம்தான். அது நின்றதும் சம்பளம் கொடுக்க முடியாமல் பூட்டிய அலுவலகத்தை நான் பார்த்திருக்கிறேன். காய் விற்று மாதம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டு, பதில் வராவிட்டால் வடையோடு திரும்பிவிடுங்கள்.

கீரைக்கட்டு (மதுரை):

ஒன்றரை ஏக்கர்தானே அண்ணே, உழவர் சந்தை அட்டை எடுத்தீர்களா? மதுரை அண்ணா நகரில் 1999-ல் முதல் சந்தை திறந்த காலத்திலிருந்து எங்கள் மாமியார் போனார், இப்போது நான். கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசும் அவர்களே தருவார்கள். விடியுமுன் பஸ் ஏற வேண்டும், உட்கார்ந்து விற்க ஒரு ஆள் வேண்டும், அதுதான் கஷ்டம்.

இன்னொன்று. தரம் பிரிப்பது உங்கள் வீட்டில் யார்? எங்கள் வீட்டில் நான்தான், ஆனால் பட்டா அவர் பேரில் என்று பங்கும் அவர் பேரில்தான் போட்டார்கள். கூட்டத்துக்கு அவர் போவார், வெடிப்புப் பழம் எது என்று என்னிடம் வந்து கேட்பார்.

கத்தரித்தோட்டம்:

நன்றிங்க எல்லாருக்கும். வீட்டில் அந்தக் கடைசிப் பதிலைப் படித்துக் காட்டினேன், சிரிப்பு அடங்கவில்லை. பங்கு மனைவி பேரில்தான் போடப் போகிறேன். கமிஷன் கடைக்காரரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "போய்ட்டு வா, ரெண்டாந்தரம் எனக்குத்தானே வரும்" என்றார்.