அம்மா விட்டுப்போன திருப்பண்டம்: உண்மையா என்று தெரியாமல் வைத்து வேண்டலாமா?

கேள்வி (மெழுகுவத்தி)

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அவருடைய ஜெபப் புத்தகத்துக்குப் பின்னால் புனிதரின் உடலையோ உடையையோ சேர்ந்த திருப்பண்டம் வைக்கும் ஒரு சின்ன வட்டப் பித்தளைப் பேழை கிடைத்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கம் கண்ணாடி. உள்ளே சிவப்புப் பட்டின் மேல் எள்ளளவு பழுப்புத் துணி. அதற்குக் கீழே மெல்லிய காகித நறுக்கில் லத்தீனில் ‘எக்ஸ் இந்துமெந்திஸ்’ என்றும், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெயரும் அச்சிட்டிருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் இரண்டு சிவப்பு நூல்கள் குறுக்கே ஓடுகின்றன, அவற்றின் மேல் அரக்கு முத்திரை.

கடைசி நாட்களில் அம்மா வலது கையை எப்போதும் மூடியே வைத்திருந்தார். ஜெபமாலைச் சிலுவை என்று நினைத்துக்கொண்டேன். இதுதான் என்று இப்போது புரிகிறது, உள்ளங்கையில் வட்டமாகத் தழும்பு இருந்ததே.

அண்ணன் பார்த்துவிட்டு, “இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லும் தூரின் துணியே 14-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் வியாபாரம். இணையத்தில் போட்டால் யாராவது வாங்குவார்கள்” என்றார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. இது பொய்யென்றால் அம்மா பிடித்துக்கொண்டிருந்தது எதை? விசுவாசத்துக்கு இப்படி ஒரு பொருள் வேண்டுமா?

பதில் 1 (திறந்தவேதம்)

சிஸ்டர், அம்மாவின் இழப்புக்கு ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். நான் சீர்திருத்த சபையில் வளர்ந்தவன், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் கர்த்தரே செய்யச் சொன்னது. அதைவிட உண்மையான பொருள் வேறு ஏது? ஆனாலும் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியதும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). பொருள் அசலாக இருப்பதாலேயே ஆபத்து நீங்கிவிடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எலிசாவின் எலும்புகளில் பட்ட பிரேதம் உயிரோடு எழுந்ததும், பவுலின் உறுமால்களை வியாதியஸ்தர்மேல் போட்டதும் அதே வேதத்தில்தான் இருக்கின்றன என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவற்றைப் பேழையில் வைத்துப் பாதுகாக்கச் சொல்லி ஒரு வசனமும் இல்லை.

பதில் 2 (பழந்துணி)

தங்கச்சி, நான் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய துணிகளைப் பழுதுபார்த்து 26 வருடம் வேலை செய்தவள், கத்தோலிக்கப் பெண். இந்த இரண்டும் எனக்குள் மோதிய காலம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உன் அண்ணன் சொன்னது. 1988-இல் தூரின் துணியின் ஓர் ஓரத்திலிருந்து வெட்டிய துண்டுகளை ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வகங்கள் சோதித்தன. ஆளிச் செடியை அறுத்த நாளிலிருந்து அதிலுள்ள கார்பன்-14 குறைந்துகொண்டே வரும், எவ்வளவு மீதி என்று பார்த்துக் காலத்தைக் கணிப்பார்கள். வந்த விடை 1260-க்கும் 1390-க்கும் இடையில். வெட்டிய ஓரம் பிற்காலத்தில் ஒட்டுப்போட்டது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1389-லேயே த்ருவா நகர ஆயர் ஒருவர், இது ஓவியன் கைவேலை என்று தமக்கு முன்பிருந்த ஆயர் கண்டுபிடித்ததாகத் திருத்தந்தை என்று உரிமை கோரியவருக்கு எழுதினார். அந்தக் கடிதம்தான் என்னை அசைத்தது. சந்தேகத்தை நாத்திகர்கள் கிளப்பவில்லை பார், நம் ஆயர் கிளப்பியிருக்கிறார்! 1998-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், இந்தக் கேள்விகளில் தீர்ப்புச் சொல்லும் தகுதி திருச்சபைக்கு இல்லை, அறிவியலாளர்கள் ஆராயட்டும் என்றார். அந்தத் துணி வீழ்ந்தால் நம் விசுவாசமும் வீழும் என்று அவர் நினைக்கவில்லை.

சான்று என்றால் எனக்கு ஞாபகம் வருவது ஒரு குதிகால் எலும்பு. 1968-இல் எருசலேமுக்கு அருகே ஒரு கல்லறையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. சிலுவையில் அறையப்பட்ட யோகனான் என்பவருடையது, பெட்டியில் பெயர் வெட்டியிருக்கிறது. குதிகாலின் பக்கவாட்டில் சுமார் 11.5 சென்டிமீட்டர் இரும்பு ஆணி ஏறியிருக்கிறது. முனை வளைந்துவிட்டதால் பிடுங்க முடியாமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். முதன்முதலாக அதன் படத்தைப் பார்த்தபோது என் குதிகாலை நானே பிடித்துக்கொண்டேன். அது இயேசு இல்லை, யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் சிலுவையில் அறையப்பட்டவரின் உடலைக் குடும்பத்தார் வாங்கி அடக்கம் செய்ய முடிந்தது என்பதற்கு அது சாட்சி. 1961-இல் செசரியாவில், அரங்கத்துப் படியாக மறுபடி பயன்படுத்திய கல்லில், இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் பெயர் கிடைத்ததும் இந்த வகைதான். இவை அந்தக் காலத்தை நம் கண்முன் நிறுத்தும். மூன்றாம் நாள் காலையில் என்ன நடந்தது என்பதை எந்தக் கல்லும் சொல்லாது. அதற்கு நமக்கு இருப்பது மனிதர்களின் வாய்மொழிதான். உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று பவுல் எழுதினாரே, அது.

உன் பேழைக்கு வருகிறேன். ‘எக்ஸ் இந்துமெந்திஸ்’ என்றால் ‘ஆடைகளிலிருந்து’ என்று பொருள். தெரேசா 1897-இல் 24 வயதில் இறந்த கார்மேல் சபைத் துறவி, அந்தச் சபையார் அங்கி பழுப்பு. பொருந்துகிறது, ஆனால் பழுப்புத் துணி உலகத்தில் எவ்வளவோ! கார்பன் சோதனையும் உதவாது. நூலின் வயதைச் சொல்லுமே தவிர உடுத்தியவரைச் சொல்லாது. இங்கே சான்று என்பது அந்த நூலும் அரக்கும்தான், தயவுசெய்து அறுத்துவிடாதே. முத்திரையிட்டவர் ஒரு சான்றுத்தாள் கொடுத்திருப்பார், அதிலும் அதே முத்திரை இருக்கும். தேடிப் பார். கிடைக்காவிட்டால் மறைமாவட்ட அலுவலகத்தில் காட்டு. அண்ணனிடம் ஒன்று சொல்: திருப்பண்டங்களை விற்பது திருச்சபைச் சட்டம் 1190-இன்படி முழுக்கத் தடை.

அம்மா எதைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று கேட்டாய். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா ஆயர் பொலிகார்ப்பை விசுவாசத்துக்காக எரித்த பிறகு சிமிர்னா கிறிஸ்தவர்கள் அவருடைய எலும்புகளைப் பொறுக்கி எடுத்தார்கள், இரத்தினங்களைவிட மேலானவை என்று எழுதியும் வைத்தார்கள். யாரிடமும் எதையும் நிரூபிக்க அவர்கள் எடுக்கவில்லை. அது அவர்களுடைய ஆள். உன் அம்மாவின் கைக்குள் இருந்ததும் ஒரு தோழியின் உடை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அரக்கு பொய்யென்று தெரியவந்தாலும் அவர் பேசியது தெரேசாவிடம்தான்.

பதில் 3 (தோமாவின் தம்பி)

அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒன்றே ஒன்று: சீடர் தோமா உயிர்த்த இயேசுவின் காயத்தில் விரலை இட்டுப் பார்த்தார் என்றே நான் நினைத்திருந்தேன். யோவான் 20-ஐ எடுத்துப் பார்த்தால் அப்படி எழுதவே இல்லை. “இடு” என்று ஆண்டவர் சொல்கிறார், அடுத்த வரியில் தோமா “என் ஆண்டவரே, என் கடவுளே” என்கிறார். தொட்டாரா இல்லையா என்பதை யோவான் விட்டுவிட்டார். சான்று கேட்டதற்காக அவரை விரட்டவும் இல்லை.

மெழுகுவத்தி

எல்லோருக்கும் நன்றி. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன், சான்றுத்தாள் இல்லை. புதன்கிழமை மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போகிறேன். பழந்துணி அக்கா எழுதியதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். ஆணி வளைந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம் பேழையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எந்தக் கையில் வைத்திருந்தார்?” என்று கேட்டார். வலது கை என்றேன். புதன்கிழமை தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.