1975 நெருக்கடி நிலை: அமைச்சரவை கூடியது எப்போது?

வைகைக்கரையான்:
"1975இல் நெருக்கடி நிலை முழுக்கச் சட்டப்படியே வந்தது, அமைச்சரவை கூடித்தான் முடிவெடுத்தது" என்று நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டது ஜூன் 25 இரவு. அமைச்சரவை கூடியது மறுநாள் காலை 6 மணிக்கு. தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போன கதை.

சட்டப்புள்ளி:
அந்த மேதை நான்தான். பெயரைச் சொல்லக் கூச்சமா? மத்திய அரசு எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லும் அலுவல் விதிகளில் விதி 12இன்படி பிரதமர் அவசரத்தில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு ஒப்புதல் பெறலாம். அமைச்சரவையின் எழுத்துமூல முடிவு கட்டாயமானது 1978இன் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகுதான்.

வைகைக்கரையான்:
ஆக, "கூடித்தான் முடிவெடுத்தது" என்பது பொய்.

சட்டப்புள்ளி:
விதி 12ஐப் படியுங்கள்.

வைகைக்கரையான்:
காலை 6 மணி. ஆமா, இல்லையா?

மங்கை:
கடிகாரத்தை விடுங்கள் ஐயா. காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று கைவிரித்ததே! மறுத்து எழுதிய எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி போனது. இன்று நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பான 21ஆவது பிரிவை முடக்க முடியாது. நெருக்கடி நிலை அறிவிக்க 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சாக்கும் போய், 'ஆயுதக் கிளர்ச்சி' என்று மாற்றிவிட்டார்கள். அதைப் பேசலாமே?

சட்டப்புள்ளி:
இதையெல்லாம் மாற்றிய அந்த 44ஆவது திருத்தம் வரக் காரணமே, இந்திராவின் காங்கிரஸைத் தோற்கடித்த 1977 தேர்தல்தான். காப்பாற்றியது மக்கள்.

பழைய பேப்பர்:
எந்த மக்கள்? 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சியைக் கலைத்தார்கள். மறு வருடமே தமிழ்நாடு அதிமுக–காங்கிரஸ் கூட்டணிக்கு அள்ளிக் கொடுத்தது. நல்ல காப்பாற்றல்!

வைகைக்கரையான்:
மிசா சட்டத்தில் சிறைக்குப் போய் அடி வாங்கிய திமுகவின் சிட்டிபாபு பிழைக்கவில்லை. அது உங்களுக்குக் கேலியா?

பழைய பேப்பர்:
அவரை எங்கே கேலி செய்தேன்? போன மாதம் காவிரி விவாதத்திலும் இப்படித்தான் நான் சொல்லாததை என் வாயில் திணித்தீர்கள்.

வைகைக்கரையான்:
காவிரியில் ஆதாரம் கேட்டதும் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மங்கை:
21ஆவது பிரிவைப் பற்றி யாராவது?

சட்டப்புள்ளி:
முதலில் இவர் விதி 12க்குப் பதில் சொல்லட்டும்.

வைகைக்கரையான்:
முதலில் நீங்கள் மணியைச் சொல்லுங்கள். காலை எத்தனை?

சட்டப்புள்ளி:
உங்களிடம் கடிகாரம் இருக்கிறது, சட்டப் புத்தகம் இல்லை.

வைகைக்கரையான்:
6 மணி என்று எழுதக் கை வரவில்லை, பாருங்கள்.