எலும்பு என்று நினைத்தது உடுப்பாகிப் போனது: ‘பிரோமிதியஸ்’ பார்த்த அனுபவம்

பாம்பன் கரையோரம்:

தியேட்டரில் ரொம்ப எதிர்பார்த்துப் போய், சந்தோஷமும் வருத்தமும் கலந்து திரும்பிய படம் எனக்கு ‘பிரோமிதியஸ்’தான். 2012-இல் மச்சானும் நானும் பாம்பனிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் பார்த்தோம். ‘ஏலியன்’ எடுத்த ரிட்லி ஸ்காட்டே 33 வருஷம் கழித்து அதன் முன்கதைக்குத் திரும்புகிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா?

1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்தை நான் பார்த்தது பிளஸ் டூ படிக்கும்போது, ராமநாதபுரத்தில் வாடகைக்கு எடுத்த சிடியில். நெஞ்சைப் பிளந்துகொண்டு அந்த ஜந்து வெளியே வரும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என் மனசில் தங்கியது அதற்கு முந்தைய காட்சி. கைவிடப்பட்ட ஒரு வேற்றுக்கிரக விண்கலத்துக்குள் மூன்று பேர் ஏறுகிறார்கள். நடுவில் பிரமாண்டமான நாற்காலி. அதோடு சேர்ந்தே வளர்ந்தது மாதிரி ஒரு பூதாகர உருவம், செத்துக் கல்லாய்க் கிடக்கிறது. விலா எலும்புகள் வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. யார் அவர், எங்கே போய்க்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை கிடையாது. எச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த உருவத்தை நான் எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன்.

எங்கள் கரையில் ஒரு திமிங்கலத்தின் முதுகெலும்புத் துண்டு மணலில் பாதி புதைந்து கிடக்கும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதன் மேல்தான் உட்கார்ந்து விளையாடுவோம். அந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டே முழுத் திமிங்கலத்தையும் மனசுக்குள் நீந்த விடுவேன். நாற்காலிக்காரரும் எனக்கு அப்படித்தான்.

படத்தின் ஆரம்பம் என்னை அடித்துப் போட்டுவிட்டது. ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவி விளிம்பில் வெளுத்த உடம்போடு ஒரு ராட்சத மனிதன் நின்று, கறுப்புத் திரவத்தைக் குடித்து, துண்டு துண்டாகக் கரைந்து தண்ணீரில் விழுகிறான். அந்தக் கரைசலிலிருந்து உயிர் துளிர்க்கிறது. முப்பரிமாணம் என்றால் முகத்துக்கு நேரே எதையாவது எறிவது என்றிருந்த எனக்கு, ஆழத்தைக் காட்டத்தான் அது என்று புரிந்தது அங்கேதான்.

மனிதனைப் படைத்தவர்களைத் தேடி ஒரு விண்கலத்தில் நிபுணர்கள் போவதுதான் கதை. ஆனால் கொஞ்ச நேரத்தில் உண்மை தெரிகிறது. நாற்காலிக்காரரின் எலும்பு என்று நான் நினைத்திருந்தது எலும்பே இல்லை, விண்வெளி உடுப்பு. உள்ளே அருவியில் பார்த்த ராட்சதனின் இனத்தவன்; நம்மைப் போலவே முகமுள்ள, கொஞ்சம் உயரமான ஆள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் திமிங்கலத்தை யாரோ தோண்டி எடுத்து, இது வெறும் படகு மரம் என்று காட்டியது போல இருந்தது.

அடுத்தது அந்தப் பாம்பு மாதிரி வேற்றுக்கிரக ஜந்து. செத்துக் கிடக்கும் ராட்சதனின் உடலைப் பார்த்துப் பயந்து ஓடிய உயிரியல் நிபுணர், உயிரோடு படம் எடுத்துச் சீறுவதைக் கொஞ்சிக்கொண்டு கையை நீட்டுகிறார். கரைவலை இழுக்கும்போது எங்க அப்பா சொல்வார்: “சும்மாதானே கெடக்குன்னு கையை வச்சிராதடா.” சொறி என்கிற ஜெல்லி மீன், முள்ளு மீன், வலைக்கடியன் என்கிற கடல் பாம்பு எதுவாக இருந்தாலும் துடுப்பால்தான் தள்ளுவோம். எங்கள் ஊரில் ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது, கோடி கோடியாகச் செலவழித்து அனுப்பிய நிபுணருக்குத் தெரியாதா? அந்த இடத்தில் கதைமேல் இருந்த நம்பிக்கை கழன்றுவிட்டது.

படத்தைத் தூக்கி நிறுத்துவது டேவிட் என்கிற இயந்திர மனிதன்தான். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்தது. என்னை ஏன் செய்தீர்கள் என்று அவன் ஒரு மனிதனிடம் கேட்கிறான். செய்ய முடிந்தது, செய்தோம் என்கிறார் அவர். இதே பதிலை உங்களைப் படைத்தவரிடமிருந்து நீங்கள் கேட்டால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று டேவிட் மெதுவாகத் திருப்பிக் கேட்கிறான். இதை எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

திரும்பும்போது பஸ் பாம்பன் பாலத்தின் மேல் ஏறும் வரை மச்சான் கோபமாகவே இருந்தான். “நம்மளப் படைச்சவனே ஏன் நம்மள அழிக்க வந்தான்? கேள்வியக் கேட்டுட்டுப் பதிலே சொல்லலியேடா.” அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்களே, அதுதான் எனக்கு வலித்தது.

கீழக்கரை செவிலி:

தம்பி, நான் அறுவை அரங்கில் வேலை பார்க்கிறவள். நாயகி ஷா தன் வயிற்றில் வளரும் ஜந்துவை வெளியே எடுக்கத் தானியங்கி அறுவைப் பெட்டிக்குள் படுக்கும் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டேன். தினமும் பார்க்கிறதுதான், இருந்தும் முடியவில்லை. நூமி ராப்பேஸ் அப்படி நடித்திருக்கிறார். சிசேரியன் ஆனவர்களை மறுநாள் எழுப்பி நடக்க வைக்க நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். இவர் வயிற்றைக் கிளிப் போட்டு மூடியதும் எழுந்து ஓடுகிறார், தாவுகிறார். ஊசி போட்டுக்கொள்கிறார்தான், ஆனாலும் தசை கேட்காது.

ஆனால் அந்தப் பெட்டி ஆண் உடம்புக்கு மட்டும்தான் அமைக்கப்பட்டிருக்கிறது, கவனித்தீர்களா? வைத்திருப்பது ஒரு பெண்ணின் அறையில். பயணத்துக்குப் பணம் போட்ட கிழவர் வேலண்ட் கலத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறார் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இப்படி யோசித்து எழுதியவர்கள் பாம்புக் காட்சியை ஏன் அப்படி விட்டார்கள் என்றுதான் எனக்கும் ஆற்றாமை.

தங்கச்சிமடத்தான்:

அண்ணே, ஒரு விஷயம். ‘பிரோமிதியஸ்’ நடப்பது எல்வி-223 நிலவில். ‘ஏலியன்’ நடப்பது எல்வி-426-இல். இந்தப் படத்து ராட்சதன் சாவது நாற்காலியில் இல்லை, ஷாவைத் துரத்திக்கொண்டு வந்த இடத்தில். அப்ப உங்க நாற்காலிக்காரர் வேற ஆள். அவர் யாருன்னு இன்னும் தெரியாதுதானே?

பாம்பன் கரையோரம்:

அக்கா, அந்தப் பெட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

தம்பி, நீங்க சொல்றது சரிதான், வேற ஆள்தான். அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டு போன மாசம் பழைய படத்தை மறுபடி போட்டேன். நாற்காலிக் காட்சி வந்ததும் என் கண் தன்னால் அந்த முகத்தில் தலைக்கவசத்தின் இணைப்புக் கோட்டைத் தேடியது.