பம்பி இயக்குபவர் விலகுகிறார்: அவருக்கு மட்டுமே தெரிந்தவற்றைச் சங்கம் எவ்வாறு காப்பாற்றுவது?

கேள்வி: குடிநீர்ச் சங்கச் செயலாளர், குச்சவெளிப் பிரதேசம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிராமத்துக் குடிநீர்த் திட்டத்தைப் பயனாளிகள் சங்கமே நடத்தி வருகிறது. குழாய்க்கிணற்று நீரை மேல்நிலைத் தாங்கிக்கு ஏற்றுவது, குளோரின் இடுவது, ஒழுங்கைகளுக்கு முறை வைத்துத் திறந்துவிடுவது ஆகிய அனைத்தையும் தொடக்கம் முதல் ஒரே ஐயாதான் பார்த்து வருகிறார். கண்பார்வை குறைந்துவிட்டதால் வரும் மாரிக்கு முன்னர் விலகிக்கொள்ள விரும்புகிறார். அவருடைய இடத்துக்கு ஊர்த் தம்பி ஒருவரை நியமித்திருக்கிறோம்.

குழாய் பதித்த காலத்து வரைபடம் எங்களிடம் இல்லை. பின்னர் போட்ட கிளைக் குழாய்களுக்கு வரைபடமே வரையப்படவில்லை. அண்மையில் கிழக்கு ஒழுங்கையில் குழாய் வெடித்தபோது, மூட வேண்டிய வால்வு எந்த வேலியோரத்து மணலுக்குள் இருக்கிறது என்பது ஐயாவுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவர் அன்று கிளினிக்குக்காக நகரத்துக்குப் போயிருந்தார். தொலைபேசியில் கேட்டபோது, வேப்பமரத்துக்குத் தெற்கே நாலு எட்டு என்றார். அந்த மரத்தைத் தறித்துப் பல காலமாகிவிட்டது. தாங்கி வெறுமையாகும் வரை தண்ணீர் ஓடியது.

ஐயாவிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, தெரிந்ததை எல்லாம் எழுதித் தரும்படி கேட்டோம். காலையில் பம்பியைப் போடவும், தாங்கி நிரம்பியதும் நிறுத்தவும் என்று இரண்டு வரிகளோடு கொப்பி திரும்பி வந்தது. சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் பதிவுகள் நிறைய உள்ளன. ஆனால் வேண்டிய நேரத்தில் வேண்டியதைத் தேடி எடுக்க முடிவதில்லை. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. “எல்லாத்தையும் எழுதித் தந்திட்டா பிறகு என்னை ஆர் தேடப் போறியள்?” என்று அவர் ஒரு நாள் கேட்டார். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: குடிநீர்ச் சங்கத் தலைவர், மூதூர்

செயலாளர் அவர்களே, கொப்பியை ஐயாவிடம் கொடுக்க வேண்டாம். அதைத் தம்பியின் கையில் கொடுத்து, இருவரையும் குழாய்வழியே நடக்கவிடுங்கள். ஒவ்வொரு வால்வின் அருகிலும் நின்று, இது எந்த வீடுகளுக்குப் போகிறது, எத்தனை சுற்றுச் சுற்றினால் மூடும், கடைசியாக எப்போது இறுகிப்போனது என்று கேட்டால், எழுதச் சொன்னபோது வராத செய்தியெல்லாம் தானாக வரும். எங்கள் சங்கத்தில் அப்படித்தான் வந்தது.

இடத்தைக் குறிக்கும்போது மரத்தையும் வேலியையும் நம்பாதீர்கள். மதகு, கோவில் மதில் மூலை, பள்ளிவாசல் படி, மின்கம்பம் போன்ற அசையாத இரண்டு இடங்களிலிருந்து அளவு நாடாவால் அளந்து, இரண்டு தூரத்தையும் எழுதுங்கள். இரண்டு அளவுகளும் சந்திக்கும் இடத்தைத் தோண்டினால் வால்வு அகப்படும். வால்வுப் பெட்டி மூடியில் பெயரை எழுதாமல் இலக்கத்தை எழுதுங்கள். எங்களுக்கு மோட்டார் திருத்த வருபவர் கந்தளாயைச் சேர்ந்த சிங்களவர். அவரும் நாங்களும் இலக்கத்தைச் சொல்லியே வேலையை முடித்துக்கொள்கிறோம்.

பதில்: முகாமைத்துவ விரிவுரையாளர், திருகோணமலை

மூதூர்த் தலைவர் சொன்ன முறைக்கு ஆய்வுலகிலும் ஆதாரம் உண்டு. மனிதன் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிந்திருக்கிறான் என்பதைத் தத்துவவியலாளர் மைக்கேல் பொலானி 1966இல் விரிவாக எழுதினார். உங்கள் ஐயா மோட்டாரின் இரைச்சலைக் கேட்டே ஏதோ சரியில்லை என்று அறிந்திருப்பார். அந்த அறிவு வேலை நடக்கும் இடத்தில், பக்கத்தில் நிற்பவரிடம்தான் வாய் திறக்கும். வெற்றுத் தாளின் முன் அது வராததை அவருடைய குறையாகவோ ஒளிப்பாகவோ எண்ண வேண்டாம்.

ஐயாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் இந்த இழையில் மிகவும் முக்கியமானது அதுதான் என்று கருதுகிறேன். ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் செராக்ஸ் நிறுவனத்தின் போட்டோப்பிரதி இயந்திரங்களைத் திருத்துபவர்களோடு சேர்ந்து திரிந்து ஆராய்ந்தார். நிறுவனம் கொடுத்த கையேட்டில் இல்லாத கோளாறுகளை, முன்பு நடந்ததை ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லியே அவர்கள் தீர்த்தார்கள் என்று கண்டார். பின்னர் 1990களில் அந்த நிறுவனத்தில் யுரேக்கா என்ற குறிப்புத் தொகுப்பு உருவானது. தொழிலாளி தான் கண்டுபிடித்த வழியை எழுதி அனுப்புவார். அனுபவம் மிக்க சக தொழிலாளர்கள் அதைச் சரிபார்த்த பிறகே அது எல்லோருக்கும் போகும். குறிப்பை எழுதியவரின் பெயர் அதனுடன் நிற்கும். அவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது அந்தப் பெயர்தான்.

ஆகவே ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ஐயாவின் பெயரை எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே சேருங்கள். பொதுக்கூட்டத்தில் அவரை ஆலோசகராக நியமித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தன்னிடமிருந்து பறிக்கிறார்கள் என்ற எண்ணம் இருக்கும்வரை எந்த மனிதரும் மனம் திறந்து சொல்லமாட்டார்.

பதில்: இளைப்பாறிய தொழில்நுட்ப உத்தியோகத்தர், தம்பலகாமம்

விரிவுரையாளரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கதையாக மட்டும் விடக் கூடாத விடயங்களும் உண்டு. மூன்று முனை மின்சாரத்தில் ஒரு முனை இல்லாதபோது மோட்டாரை ஓடவிட்டால் சுருள் எரிந்துவிடும். வெறுமையான குழாயில் வால்வை ஒரேயடியாகத் திறந்தால் உள்ளே அடைபட்ட காற்றினால் குழாய் வெடிக்கலாம். குளோரின் தூள் வெப்பத்திலும் ஈரத்திலும் வீரியம் இழந்துவிடும் என்பதால் ஒரே அளவை எப்போதும் இட்டுக்கொண்டிருப்பது போதாது. ஒழுங்கையின் கடைசி வீட்டுக் குழாயில் மீதிக் குளோரின் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இவற்றை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மின்ஆளிப் பெட்டியின் பக்கத்தில், ஆளியைத் தொடும் கைக்கு எதிரிலேயே ஒட்டுங்கள். அலுமாரிக்குள் இருக்கும் கோப்பை இரவு நேரத்தில் எவரும் திறக்கமாட்டார்கள்.

இன்னொன்று: ஐயா விலகும் முன்னரே தம்பி தனியாக வேலை செய்ய வேண்டும். ஐயா பம்பி அறை வாசலில் கதிரை போட்டு இருக்கட்டும். கேட்டால் மட்டும் சொல்லட்டும். தம்பி எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் உங்கள் குறிப்பில் இடைவெளி இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. குழாய்வழி நடப்பதைத் தொடங்கிவிட்டோம். பெயர் எழுதும் யோசனையைச் சொன்னபோது ஐயா ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை, நாங்கள் கேட்காமலே, பழைய வடிகால் வால்வு ஒன்றைக் காட்டுவதற்குத் தம்பியை அழைத்துப் போனார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இனி இவற்றை எங்கே வைப்பது, யார் திருத்துவது என்ற கேள்விதான் மிஞ்சுகிறது.

பதில்: நூலக உத்தியோகத்தர், திருகோணமலை நகரம்

ஒரே பிரதி என்பது பிரதியே இல்லாததற்குச் சமம் என்று எண்ணிச் செயற்படுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அழிந்தன. 2004 டிசம்பர் 26 அன்று நம்முடைய கரையோரத்திலும் கடல் ஏறியது. ஆகவே கொப்பி பம்பி அறையில் இருக்கட்டும். போட்டோப்பிரதி ஒன்று தலைவர் வீட்டிலும் மற்றொன்று ஊருக்கு வெளியே, முடிந்தால் பிரதேச செயலகத்திலும் இருக்கட்டும். பக்கங்களைத் தொலைபேசியில் படமெடுத்து இணையச் சேமிப்பில் ஏற்றுங்கள். அதன் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்தால் பழைய சிக்கலே புதிய உருவத்தில் வந்து சேரும்.

வட்ஸ்அப் குழுவை மூட வேண்டாம். மக்கள் பேசும் இடம் அதுவே. மாதக் கூட்டத்துக்கு முன் அதில் வந்த பழுதுகளைப் பார்த்து, என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வது என்ற நான்கையும் கூட்டத்தில் பேசி, முடிவைத் திகதியோடு கொப்பியில் ஏற்றுங்கள். இந்தப் பொறுப்பை உதவிச் செயலாளர் போன்ற ஒரு பதவிக்குக் கொடுங்கள், ஆளுக்குக் கொடுக்காதீர்கள். உதவிச் செயலாளர் மாறினாலும் வேலை மாறாது. பிழையான பழைய குறிப்பைக் கிழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் புதியதைக் கீழே எழுதினால், ஏன் மாற்றினோம் என்பதும் அடுத்தவருக்குத் தெரியும்.

கேள்வி கேட்டவர்

இறுதியாக ஒன்று. ஆலோசகர் என்ற வகையில் ஐயாவுக்குக் கொடுப்பனவு வழங்குவது முறையா?

பதில்: குடிநீர்ச் சங்கத் தலைவர், மூதூர்

முறைதான். பொதுக்கூட்டத் தீர்மானத்தில் தொகையையும் காலத்தையும் எழுதி, மாதாந்தச் செலவுக் கணக்கில் காட்டிக் கொடுங்கள். ஆனால் எழுதிய பக்கங்களுக்கு இவ்வளவு என்று கணக்கிடாதீர்கள். தேவையற்ற பக்கங்கள்தான் பெருகும். வால்வு இலக்கங்களை எழுத எனாமல் பெயின்றையே வாங்குங்கள், உப்புக்காற்றுக்கு மற்றவை தாக்குப்பிடிப்பதில்லை.